விமானத் தடியும் சுக்கான் மிதியும்

ஜொய்ஸ்டிக் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவரிற் பெரும்பாலானோருக்குச் சிறுவர்களின் விளையாட்டுச் சாமான் ஒன்றே நினைவுக்கு வருகின்றது. ஹற்றன் நகரின் கணினிக் கடைகளில் விசைப்பலகைகளுக்கும் சுட்டிகளுக்கும் நடுவே எப்போதாவது ஒன்று தூசு படிந்து கிடப்பதைக் காணலாம். சுக்கான் மிதிக்கு அந்த இடமும் கிடைப்பதில்லை. கேட்டால் கடைக்காரர், தையல் இயந்திரத்தின் மிதியா என்று திருப்பிக் கேட்பார். ஆயினும் இவ்விரு பொருள்களுக்கும் நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் கிளையொன்று நமது மலைநாட்டின் ஏழு கன்னியர் மலைச் சரிவிலே, தேயிலை மலைகளுக்கு மேலே, 191 மனிதர்களின் சாவைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றது. அதனாலேயே இதனை எழுதப் புகுந்தேன்.

1903 டிசெம்பர் 17 ஆம் திகதி அமெரிக்காவின் கிட்டி ஹோக் கடற்கரையில் ஓர்வில் ரைட் பறந்தபோது அவரது கையில் இன்று நாம் அறிந்த தடி இருக்கவில்லை. அவர் குப்புறப் படுத்திருந்தார். இடுப்பை ஒரு தொட்டிலிற் பொருத்தி, அதனை இடமும் வலமும் அசைத்துச் சிறகுகளை முறுக்கினார். பின்னாலிருந்த சுக்கானும் அதே தொட்டிலோடு கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. மேலேறவும் கீழிறங்கவும் இடக்கையில் ஒரு நெம்புகோல். பறத்தல் என்பது உடம்பு முழுவதாலும் செய்யும் வேலையாக இருந்த காலம் அது.

ஒரே தடியால் விமானத்தின் மூக்கை ஏற்றவும் இறக்கவும் பக்கங்களிற் சாய்க்கவும் முடியும் என்ற யோசனைக்கு 1907 இல் காப்புரிமை கோரியவர் ரொபேர்ட் எஸ்னோ பெல்தேரி என்ற பிரெஞ்சுக்காரர். அடுத்த ஆண்டுகளில் லூயி பிளேரியோ அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1909 ஜூலை 25 ஆம் திகதி அவர் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது கையில் ஒரு தடியும் காலடியில் ஒரு குறுக்குக் கட்டையும் இருந்தன. இன்றைய போயிங் விமானத்திலும், நுவரெலியாவில் ஒரு பையன் தன் கணினி மேசையிற் பொருத்தும் விளையாட்டுக் கருவியிலும் இருப்பது அடிப்படையில் அந்த ஏற்பாடேதான். நூறாண்டுகளில் இயந்திரம் மாறியது, இறக்கை மாறியது, எரிபொருள் மாறியது. கைக்கும் காலுக்கும் இடையிலான வேலைப் பங்கீடு மட்டும் மாறவில்லை.

காலுக்கு ஏன் வேலை கொடுத்தார்கள் என்பதைச் சிறிது விளக்கவேண்டும். தடியை வலப்பக்கம் சாய்த்தால் இடச் சிறகின் ஓரத்திலுள்ள தகடு கீழே இறங்குகின்றது, அச்சிறகு மேலெழுகின்றது. ஆனால் மேலெழும் சிறகு காற்றிடமிருந்து கூடுதலான தடையையும் வாங்கிக்கொள்கின்றது. மாட்டுவண்டியின் இடச் சில்லு சேற்றில் இழுபட்டால் வண்டியின் முகம் இடப்பக்கம் திரும்புமல்லவா? அதுபோலவே வலப்பக்கம் திரும்ப விரும்பிய விமானத்தின் மூக்கு இடப்பக்கம் நழுவுகின்றது. அதனைத் தடுக்கவே வலக்கால் மிதி. மிதியை அமுக்கினால் வாலிலுள்ள சுக்கான் மூக்கைச் சரியான திசைக்குத் தள்ளுகின்றது. தடியும் மிதியும் ஒருங்கே இயங்கும்போதுதான் விமானம் சறுக்காமல் திரும்பும்.

இதில் ஒரு விந்தையையும் சொல்லவேண்டும். துவிச்சக்கர வண்டியின் கைப்பிடியில் வலப்பக்கத்தை முன்னே தள்ளினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். விமானத்தில் வலக்காலை முன்னே தள்ளினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். ஆகவே சைக்கிளிற் பழகிய கால்கள் முதல் நாள்களில் தடுமாறுகின்றன. இத்தடுமாற்றத்தை வானில் வைத்துத் தீர்ப்பதற்குப் பதிலாகத் தரையில் வைத்தே தீர்த்துவிடலாம் என்று நினைத்தவர்களிடமிருந்துதான் நமது கதையின் இரண்டாம் பகுதி தொடங்குகின்றது.

அவர்களில் முதன்மையானவர் எட்வின் லிங்க். நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில் அவரது தந்தையார் ஓகன் வாத்தியங்களும் தானியங்கிப் பியானோக்களும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். தேவாலயத்து ஓகன் வாத்தியம் காற்றுத் துருத்திகளால் இயங்குவது. அத்துருத்திகளையே எடுத்து, அவற்றின்மேல் குட்டை இறக்கைகள் கொண்ட மரப்பெட்டி ஒன்றை ஏற்றி, உள்ளே ஒரு தடியும் மிதிகளும் வைத்தார் லிங்க். தடியைச் சாய்த்தால் துருத்திகள் காற்றை இழுத்துவிட, பெட்டி உண்மை விமானம் போலச் சாய்ந்தது. 1929 இல் இதற்குக் காப்புரிமை கோரினார். விமானிகளைப் பயிற்றுவிக்கும் நிலையங்கள் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்கள். காசு போட்டு ஏறி ஆடிவிட்டு இறங்கும் இராட்டினங்களில் ஒன்றாகவே அக்கருவி சில ஆண்டுகள் காலந்தள்ளியது.

அதனை இராட்டின வரிசையிலிருந்து மீட்டவை மரணங்கள். 1934 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், தபால் ஏற்றும் தனியார் விமானக் கொம்பனிகளின் ஒப்பந்தங்களை ரத்துச் செய்து அவ்வேலையை இராணுவ விமானப் படையிடம் ஒப்படைத்தார். பனிக்காலம். பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் பறந்து பழகியவர்கள் அந்த விமானிகள். இரவிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க அவர்களுக்குத் தெரியாது. சில மாதங்களுக்குள் பன்னிருவர் மாண்டனர். இராணுவ அதிகாரிகள் லிங்க்கை நியூவார்க் விமான நிலையத்திற்கு அழைத்தார்கள். அன்று வானிலை மோசமாயிருந்தமையால் அவர் வரமாட்டார் என்று அவர்கள் கலைந்துபோகவிருந்த வேளையில், மேகத்தைக் கிழித்துக்கொண்டு அவரது விமானம் வந்து இறங்கியது என்பார்கள். அவ்வாண்டிலேயே ஒன்று 3,500 டொலர் வீதம் ஆறு பெட்டிகளை இராணுவம் வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. நேச நாடுகளின் இலட்சக்கணக்கான விமானிகள் அந்த நீலப்பெட்டிகளுக்குள் அமர்ந்து எழுந்தவர்கள்.

இங்கே வாசகர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. லிங்க் பெட்டி தடியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததற்காக வாங்கப்படவில்லை. பெட்டியின் மூடியைச் சாத்தினால் உள்ளே இருள். வெளியே எதுவும் தெரியாது. முன்னால் உள்ள முள்களைப் பார்த்து, தான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்று கணித்துக்கொண்டு பறக்கவேண்டும். கை பழகுவது சில மணித்தியால வேலை. இருளில் தன் இடத்தை அறிவதுதான் பெட்டியின் உண்மையான பாடம். இவ்வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டு நாம் 1974 டிசெம்பருக்கு வருவோம்.

அவ்வாண்டு நமது தோட்டங்களில் எத்தகைய ஆண்டு என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். 1973, 74 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் லயங்களிற் பட்டினி கிடந்து செத்தவர்கள் உண்டு. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் மக்கள் தலைமன்னாருக்கு ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். எஞ்சியிருந்த ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளும் உடன்பாடும் 1974 ஜனவரியில் ஏற்பட்டுவிட்டது. கடல்கடந்து போவது என்றால் எங்கள் பெற்றோருக்கு இராமேஸ்வரக் கப்பல்தான். விமானம் என்பது தேயிலைக்கு மேலே எப்போதோ கேட்கும் ஓர் இரைச்சல்.

டிசெம்பர் 4 ஆம் திகதி இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஒரு டி.சி. 8 விமானம் புறப்பட்டது. நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்துக்குச் சொந்தமான அவ்விமானம், இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்றது. யாத்திரிகர் 182 பேர். சிப்பந்திகள் 9 பேர். கட்டுநாயக்கவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஜித்தா போவது திட்டம். இந்து சமுத்திரத்தின் மேலாகத் தென்கிழக்கிலிருந்து இலங்கையை அணுகிய அவ்விமானம், இரவு பத்து மணி கடந்த வேளையில் தரையிறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. விமான நிலையம் அருகிலிருப்பதாக விமானிகள் எண்ணினர். உண்மையில் அது இன்னும் சுமார் 40 கடல் மைல் தொலைவில் இருந்தது. நடுவே மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் இடைப்பட்ட ஏழு கன்னியர் மலை. சிங்களத்தில் சப்த கன்யா. கன்னிமாருக்குப் பொங்கலிடும் எங்கள் சனங்களுக்கு அது தெய்வம் குடியிருக்கும் மலை. சுமார் 4,350 அடி உயரத்தில் அம்மலையின் முகத்தில் விமானம் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

எனக்கு அப்போது நான்கு வயது. எதுவும் நினைவில்லை. வீட்டிற் பெரியவர்கள் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டதுதான். மழையும் மூடுபனியும் கலந்த இரவில் ஏதோ இடிந்ததுபோல் ஓசை கேட்டதாகவும், கற்பாறை சரிந்துவிட்டதென்று எண்ணி மேட்டு லயத்தார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றதாகவும் அம்மா சொல்வார். மறுநாள் ஆண்கள் கத்தியோடும் கயிற்றோடும் காட்டுக்குள் ஏறினார்கள். அவர்கள் கண்டவற்றைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அவ்விமானத்தின் சக்கரமொன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டது. இந்நாட்டு மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துக்களில் அதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை. நான்காண்டுகளின் பின்னர், 1978 நவம்பர் 15 ஆம் திகதி, ஹஜ் முடித்து இந்தோனேசியா திரும்பிய யாத்திரிகர்களோடு வந்த இன்னொரு டி.சி. 8 கட்டுநாயக்க ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்து 183 பேர் மாண்டனர் என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது.

ஏழு கன்னியர் மலை விபத்தை ஆராய்ந்தவர்கள் இயந்திரக் கோளாறு எதையும் காரணமாகச் சொல்லவில்லை. விமானிகள் தமது இடத்தைப் பிழையாக அடையாளம் கண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்பதே முடிவு. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியிருந்தமை பிழையான விளக்கத்துக்கு இடங்கொடுத்தது என்றும் கூறப்பட்டது. டொப்ளர் கருவி கீழே அலைகளை அனுப்பித் திரும்பிவருவதிலிருந்து வேகத்தையும் விலகலையும் கணிப்பது. சிறு பிழைகள் மணிக்கணக்கிற் சேர்ந்து பெரும் பிழையாகும் இயல்புடையது. மழை மேகத்தைக் காட்டவென அமைந்த ரேடாரின் திரையிலும் நிலத்தின் விளிம்பு ஒருவாறு தெரியும். ஆனால் அங்கே தெரிவது எந்த விளிம்பு என்று சொல்வது மனிதன்தான்.

தடி விமானியின் கையில் இருந்தது. மிதிகள் காலடியில் இருந்தன. இரண்டும் சொன்னபடி கேட்டன. மலையில் மோதும் கணம்வரை விமானம் முழுமையான கட்டுப்பாட்டில் இருந்தது. விமானத்துறையில் இத்தகைய விபத்துக்கென்று ஒரு தனிப் பெயரே உண்டு: கட்டுப்பாட்டில் இருந்தபடியே நிலத்தில் மோதுதல். மற்றெல்லா விபத்தையும்விட இதுவே எனக்குக் கொடியதாகப் படுகின்றது. ஏனெனில் இதில் கடைசி நொடிவரை எவருக்கும் அச்சமில்லை.

அந்த வாரத்திலேயே உலகின் மறுபுறத்தில் இதே காரணத்தால் இன்னொரு விமானம் வீழ்ந்திருந்தது. டிசெம்பர் 1 ஆம் திகதி, மஸ்கெலியா விபத்துக்கு மூன்று நாள்கள் முன்பு, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514 ஆம் இலக்க விமானம் உயரம் தாழ்ந்து மலையொன்றில் மோதி 92 பேர் இறந்தனர். அதன் பின்னர் அம்மாத முடிவுக்குள்ளேயே அமெரிக்க அரசு, பயணிகள் விமானங்களில் நில அண்மை எச்சரிக்கைக் கருவி பொருத்தப்படவேண்டுமெனக் கட்டளையிட்டது. கருவியைச் செம்மைப்படுத்தியவர் டொன் பேட்மன் என்ற கனடியப் பொறியியலாளர். 2023 இல் காலமானார். கீழேயுள்ள நிலம் வேகமாக நெருங்கினால் அக்கருவி குரல்கொடுக்கும். ஆனால் செங்குத்தாக முன்னே நிற்கும் மலையை அதனால் முன்கூட்டி அறிய இயலவில்லை. 1990களில் பேட்மன் குழுவினர் உலகின் மலை மேடுகளின் உயரங்களையெல்லாம் கணினியில் ஏற்றி அக்குறையைத் தீர்த்தார்கள். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் விற்பனைக்கு வந்த இராணுவ வரைபடத் தரவுகளும் அதற்கு உதவின. வேர்ஜீனியாவுக்காக அமெரிக்கா விழித்தது. மஸ்கெலியாவை விமானத்துறைக்கு வெளியே நினைவில் வைத்திருப்போர் நம்மையும் சுரபாயாக் குடும்பங்களையும் தவிர அதிகமில்லை. பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு இது புதிய செய்தியுமன்று.

இனி மீண்டும் விளையாட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் 1970களின் நடுப்பகுதியில் கற்ற புரூஸ் ஆர்ட்விக், விமானப் பறப்பைக் கணினித் திரையிற் கோடுகளாக வரைவது பற்றி ஆய்வு செய்தார். அதுவே அப்பிள் கணினிக்கான விளையாட்டாகி, 1982 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பெயரில் ஐ.பி.எம். கணினிக்கு வந்தது. கேளிக்கைப் பூங்காவிலிருந்து இராணுவத்துக்குப் போன கருவி இப்போது வீட்டு மேசைக்கு இறங்கிவிட்டது. ஐ.பி.எம். கணினியின் விளையாட்டு அட்டையில் பதினைந்து முனைச் செருகி ஒன்றிருந்தது. 1990களின் கணினிகளில் ஒலி அட்டையின் பின்புறத்தில் இருந்ததும் அதுவே. தடிக்குள்ளே இருந்தது நமது பழைய வானொலிப் பெட்டியின் சத்தத் திருகிக்குள் இருப்பது போன்ற மாறுதடை. தடி அசைந்தால் தடை மாறும். அத்தடையினூடாக ஒரு மின்கொள்ளளவி நிரம்ப எடுக்கும் நேரத்தைக் கணினி எண்ணிப் பார்த்து, தடி எங்கே நிற்கின்றதென அறியும். எளிய தந்திரம். ஆனால் சூடேறினால் அளவு பிசகும். ஒவ்வொரு முறையும் நான்கு மூலைக்கும் தடியை ஆட்டி அளவு சரிபார்க்கவேண்டும். மாறுதடையின் கரித்தடத்தில் ஈரமும் தூசும் சேர்ந்தால் தடி நடுங்கத் தொடங்கும். விமானமும் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கும். வெள்ளைச் சட்டை வாரக்கணக்கிற் காயாத எங்கள் பக்கத்து ஈரத்தில் அக்கருவிகளின் ஆயுள் எவ்வளவு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு மருந்து 1879 ஆம் ஆண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. மின்னோட்டம் பாயும் தகட்டருகே காந்தத்தைக் கொண்டுசென்றால் குறுக்காக ஒரு மின்னழுத்தம் தோன்றும் என்று எட்வின் ஹோல் என்ற அமெரிக்கர் அவ்வாண்டு கண்டறிந்தார். தடியின் அடியிற் காந்தம். அதனெதிரே தொடாமல் நிற்கும் உணரி. ஒன்றையொன்று உரசாதவை தேய்வதுமில்லை. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் திரஸ்ட்மாஸ்டர் நிறுவனத்தின் டி 16000, வார்ட்ஹொக் ஆகிய தடிகள் இதனைக் கொண்டுவந்தன. அதற்கு முன்னரே, 2003 இல், மைக்ரோசொப்ட் தனது சைட்வைன்டர் தடிகளின் உற்பத்தியைக் கைவிட்டிருந்தது. 2009 ஜனவரியில் விமான விளையாட்டை உருவாக்கிய பிரிவையே மூடியது. இத்துறை முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள். 2020 ஓகஸ்டில் புதிய பதிப்பு வந்தபோது, உலகம் கொவிட்டினால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த வேளையில், கடைகளில் ஜொய்ஸ்டிக் கிடைக்காத பஞ்சம் ஏற்பட்டது.

எந்தத் தடியை வாங்குவது என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை மலைநாட்டில் இன்னும் மறையவில்லை. என் எண்ணம் இது. மலைநாட்டு ஈரத்தில் வாழ்பவர் பொத்தான்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் காந்த உணரி உள்ளதா என்பதை முதலிற் பார்க்கவேண்டும். மிதியில்லாதவருக்காகத் தடியைத் திருகினாற் சுக்கான் அசையும் ஏற்பாடு பல தடிகளில் உண்டு. தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் ஒரே கை சாய்க்கவும் திருகவும் முற்படும்போது ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். மலிவான தடிகளில் முதலில் தேய்வதும் அந்தத் திருகிதான். ஆகவே இரண்டாவது பணம் சேரும்போது விலைகூடிய இன்னொரு தடிக்குப் போகாமல் மிதிகளுக்குப் போவதே நல்லது. கை செய்த வேலையைக் காலுக்குப் பிரித்துக் கொடுத்ததும் பறப்பு மாறிவிடுகின்றது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் 2010களில் மிதவை விமானங்கள் இறங்கியதைக் கண்டவர்கள், நீரின்மேல் அவை வளைந்து திரும்பியதைக் கவனித்திருப்பார்கள். அங்கே திருப்பியது விமானியின் கால்.

எல்லாம் சரி, விலை? லொஜிடெக் நிறுவனத்தின் சாதாரணத் தடி வெளிநாட்டில் சுமார் 40 டொலர். 2021 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 1,000 ரூபாவானது. டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அத்தடியின் விலை எட்டு நாட்சம்பளம். 2022 நெருக்கடியில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே தடி பதினான்கு நாட்சம்பளத்துக்கும் மேல். கப்பற்கூலியும் வரியும் இக்கணக்கில் இல்லை. நல்ல மிதிகள் தடியைவிடப் பலமடங்கு. சங்கத்துக்கும் அரசுக்கும் கொம்பனிகளுக்கும் இடையே ஐம்பது ரூபாவுக்காக மாதக்கணக்கிற் பேச்சுவார்த்தை நடக்கும் ஊரில், விளையாட்டு மிதிக்கு இவ்வளவா என்று பெரியவர்கள் சினப்பதை நான் குறைகூறமாட்டேன்.

ஆனாலும் என் சகோதரியின் மகன் கேட்கவில்லை. டிக்கோயாப் பக்கத்துப் பாடசாலையொன்றில் உயர்தரம் முடித்து, கொழும்பில் ஒரு கடையில் ஓராண்டு வேலை பார்த்துத் தடியை வாங்கிவந்தான். விமானியாக வேண்டுமாம். அதற்கான படிப்புச் செலவு கோடியைத் தொடும் என்று வீட்டார் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ஒரு டிசெம்பர் இரவு என்னை அருகே அமர்த்தி, கணினியில் அந்த டி.சி. 8 வந்த வழியே தென்கிழக்கிலிருந்து வேறொரு விமானத்தைக் கொண்டுவந்தான். வரைபடத்தை மூடினான். நில எச்சரிக்கைக் கருவியையும் நிறுத்தினான். திரையில் மழை. அதற்கப்பால் கறுப்பு. உயரமானி மெல்ல மெல்ல இறங்கியது. அவன் கை ஆடவில்லை. சிறகுகள் மட்டமாக இருந்தன. வேகம் கணக்காக இருந்தது. கண்ணுக்கு எதுவும் தென்படாமலே மோதல் அறிவிப்புத் திரையில் வந்து விளையாட்டு நின்றது. விண்வெளியிலிருந்தும் வரைபடங்களிலிருந்தும் அளந்தெடுத்த உயரங்களால் ஏழு கன்னியர் மலை இன்று அந்த விளையாட்டுக்குள்ளும் அதே இடத்தில் நிற்கின்றது. சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, “மாமா, ரேடார்ல தெரியிறது கடற்கரையா மலையான்னு அவங்களுக்கு யாரு சொல்லியிருக்கணும்?” என்று கேட்டான்.

பதிலுக்கு நான் லிங்க்கின் மூடிய பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அன்றிலிருந்து அவன் திரையின் வெளிக்காட்சியை மறைத்துவிட்டு முள்களை மட்டும் பார்த்துப் பறந்து பழகுகின்றான். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் தன் இடத்தைத் தாளிற் குறித்து, பின்னர் வரைபடத்தைத் திறந்து ஒப்பிடுகின்றான். முதல் வாரத்தில் பிசகு பதினைந்து, இருபது மைலாக இருந்தது.

மிதிகளை அவன் வாங்கவில்லை, செய்கின்றான். இந்நாட்டில் அதற்கு முன்னோடி இல்லாமலில்லை. 2010 இல் மறைந்த ரே விஜேவர்தன விவசாயப் பொறியியலாளர். மலைச்சரிவில் மண் கரையாமற் பயிரிடும் முறையைப் பரப்பியவர். மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக இருந்தவர். சிறு விமானங்களைத் தாமே செய்து தாமே ஓட்டிய மனிதர் அவர். என் மருமகனின் வேலை அவ்வளவு பெரிதன்று. சபுக்கு மரப் பலகை ஒன்று, நான்கு கதவுக் கீல்கள், சைக்கிள் ஆசனத்தின் இரு சுருள்வில்கள், தபாலில் வந்த காந்த உணரியும் சிறு மின்சுற்றுப் பலகையும். லயத்துச் சீமெந்துத் தரையில் மிதி வழுக்கிக்கொண்டு போகுமாகையால் பலகையை நீளமாக விட்டு அதன்மீதே நாற்காலியின் முன்கால்களை ஊன்றியிருக்கின்றான். விலைகூடிய மிதிகள் வாங்குவோரும் இதைக் கவனிப்பது நன்று. சில்லு வைத்த நாற்காலியில் அமர்ந்து மிதித்தால் மிதிக்குப் பதில் நாற்காலிதான் நகரும். இடப்பக்கக் காந்தம் சற்று விலகியிருப்பதால் இப்போது விமானம் ஓடுபாதையில் இடப்பக்கமாகவே இழுக்கின்றது. ஹற்றனில் வானொலி திருத்துபவர் ஒருவரிடம் வேறு காந்தம் இருக்கிறதாம். சம்பள நாளுக்குப் பின் போய் வாங்கிவருவதாகச் சொல்லியிருக்கின்றான்.